அரைப் பங்கு

விடியறதுக்கு முன்னாடி, நாலு மணி இருக்கும். கடலுக்குப் போற புது ரோடு. நாலு வண்டி சேர்ந்தாப்புல போவலாம், அவ்வளவு அகலம். ஆனா ஒரு வண்டி கெடையாது. ரெண்டு பக்கமும் வெளக்குக் கம்பம் நட்டு வெச்சிருக்காங்க... ஒண்ணுலயும் வெளிச்சம் இல்ல. இன்னும் கரண்டு குடுக்கல. கம்பம் வரிசையாப் போயி மணல்ல நின்னுருது, ரோடும் அங்கேயே முடிஞ்சிருது. அந்த ரோட்டுல ஒருத்தன், தன்னந்தனியா, பைக்குல போறான்.

கைய ஆட்டாத மர்யம், மருதாணி கலைஞ்சுரும். கல்யாணப் பொண்ணு கை செவக்கலன்னா மாப்பிள்ளை வீட்டுல இந்த நபீசாவத்தான் ஏசுவாங்க. எல்லாரும் உள்ளங்கைய விரிச்சுத் தொடையில வெச்சுக்கிட்டு கிட்ட வந்து உக்காருங்க. கரண்டு வர்றப்ப வரட்டும், மெழுகுவத்தி போதும். காயிற வரைக்கும் யாரும் எந்திரிக்கவும் முடியாது, காதைப் பொத்திக்கவும் முடியாது. எனக்கு இதைவிடத் தோதான நேரம் எப்ப கெடைக்கும்.

அந்த பைக்குல போறவன் பேரு மதியழகன். என்கூடப் படிச்ச வெண்மதி இருக்காளே, அவ புருஷன். பொறந்தது கருக்களாச்சேரி, கடலுக்குப் போற குடும்பம். அவன் அப்பா கருப்பையன் ஒரு நா கடலுக்குப் போனவரு திரும்பல. உடம்பு கூட கரை ஒதுங்கல. அண்ணன்காரன் மருதையன் அப்பவும் கடலை விடல. இவன் விட்டுட்டான். டிப்ளமா படிச்சான், வெண்மதியக் கட்டுனான், கோவில்பத்துல வாடகைக்கு வீடு புடிச்சான். ஏன் கோவில்பத்துன்னா, அங்க கடல் சத்தம் கேக்காது. ஒரே பொண்ணு இனியா, ரெண்டாப்பு படிக்கிறா. ஊர்ல எல்லாரும் ஞாயித்துக்கெழமை ஆனா புள்ளைங்களைப் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. இவன் போவமாட்டான். எம்பொண்ணு கால்ல கடல் தண்ணி படக்கூடாதுன்னு பிடிவாதம். வெண்மதி இதை என்கிட்ட சொல்லிச் சிரிப்பா. அப்பல்லாம் சிரிப்பா.

வேலை மட்டும் கடலோரத்துலயே வந்து வாய்ச்சுது. அங்க ஒரு புது ஊரே கட்டுறாங்க. ஒரு பக்கம் ரிசார்ட்டு, ஒரு பக்கம் மீன்புடி துறைமுகம், நடுவுல பங்களா. வாசல்ல பெரிய போர்டு வெச்சிருந்தாங்க... வெள்ளை வீடு, நீலக் கடலு, குடை புடிச்சிக்கிட்டு நடக்குற ஒரு வெள்ளைக்காரி. துறைமுகம்னு பேரு இருக்கு, ஆனா அந்தப் படத்துல மீன் புடிக்கிற ஆளு ஒருத்தன்கூட இல்ல. அங்க ராத்திரி செக்யூரிட்டிக்கு இவன்தான் சூப்பர்வைசரு. சம்பளம் நல்ல சம்பளம்.

அந்த ஊர இப்பத்தான் கட்டுறாங்கன்னு நெனைக்காதீங்க. இது மூணாவது தடவை. மொதல்ல பிரெஞ்சுக்காரன் காலத்துல ஒரு தொரைக்கு ஆசை வந்துச்சு. கடல்ல குளிக்க ஒரு ஊரு, காத்து வாங்க நடைபாதை, பக்கத்துலயே மீன் எறங்குற துறை. கரையில இருந்த குப்பத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டு மணல்ல முளைக்குச்சி அடிச்சான். கட்டுன சுவரு ஒரு மழைக்காலம் தாங்கல. ரெண்டாவது, நம்ம வாப்பாமாரெல்லாம் டவுசர் போட்டுத் திரிஞ்ச காலம். பிளாட்டு போட்டாங்க, ரோடு போட்டாங்க, ரிப்பன் வெட்டுனாங்க. அந்த ரோடு இப்ப எந்த மணலுக்கு அடியில கெடக்குன்னு யாருக்கும் தெரியாது. எல்லாம் போயி மிஞ்சுனது ஒண்ணே ஒண்ணு. மொத தொரை நட்ட கல்லு. ஆள் ஒசரம், பிரெஞ்சு எழுத்து, அவன் பேரு. இப்ப போட்ட புது ரோடும் நேரா அந்தக் கல்லுகிட்டதான் போயி முடியுது. யாரும் அப்படித் திட்டம் போடல. முடியுது, அவ்வளவுதான்.

சரி. அன்னைக்கு ராத்திரிக்கு அது அவனுக்குக் கடைசி ரவுண்டு. கல்லுகிட்ட வண்டிய நிப்பாட்டி எஞ்சினை அணைச்சான். அணைச்சதும் என்னமோ குறையுது. என்னன்னு கொஞ்ச நேரம் புரியல.

கடல் சத்தம் இல்ல.

அலை வருது, போவுது, நுரை வெள்ளையாத் தெரியுது. சத்தம் மட்டும் வரல. அதுக்குப் பதிலா வேற ஒரு சத்தம். சர்ரக்... கொஞ்சம் நிதானிச்சு, மறுபடி... சர்ரக். மணல்ல குதிகாலை ஊனி, உடம்பைப் பின்னால சாச்சு இழுத்தா வருமே, அது. நிறைய காலு, ஒரே நேரத்துல. அப்புறம் வாடை. தண்ணியில ஊறிக் கெடந்த தேங்காநாரு வாடை.

டார்ச்சை அடிச்சான். வடக்கால, கரையோரமா, ஒரு வரிசை ஆளுங்க. கரைவலை இழுக்குறாங்க.

கரைவலை பாத்திருக்கீங்களா, இப்ப உள்ள புள்ளைங்க பாத்திருக்க மாட்டீங்க. கயித்தோட ஒரு முனைய கரையில ஆளுங்ககிட்ட குடுத்துட்டு, படகு வலையை வளைச்சுப் போட்டுக்கிட்டே கடலுக்குள்ள போவும். சுத்தி வந்து இன்னொரு கயித்து முனையையும் கரையில குடுக்கும். ரெண்டு கயிறு, ரெண்டு வரிசை ஆளு. ரெண்டு பக்கமும் சமமா இழுத்தாத்தான் வலை வரும். கடைசியா ஒரு பை வரும், மீனெல்லாம் அதுலதான் கெடக்கும், அதை மடின்னு சொல்லுவாங்க. இதுல ரெண்டு கட்டுப்பாடு. கயித்துல கை வெச்சவன் யாரா இருந்தாலும் பங்கு உண்டு, வழியில போறவனா இருந்தாலும் உண்டு. பெரியவங்களுக்கு முழுப் பங்கு, சின்னப் புள்ளைங்களுக்கு அரைப் பங்கு. இன்னொண்ணு... கை வெச்சா, மடி கரையேறுற வரைக்கும் எடுக்கக்கூடாது.

இவன் அவங்களை வெரட்டத்தான் எறங்குனான். அந்தக் கரையில இப்ப வலை போடக்கூடாதுன்னு கம்பெனி உத்தரவு. "யாருங்க அது"ன்னு சத்தம் குடுத்தான். ஒருத்தரும் திரும்பல. கரைவலை இழுக்குறவங்க பாடிக்கிட்டு இழுப்பாங்க, இல்லன்னா ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கிட்டாவது இழுப்பாங்க. இவங்க பேசவே இல்ல.

அப்பத்தான் அவன் காலடியில எதோ ஊர்ந்துச்சு. குனிஞ்சு பாத்தான். ரெண்டாவது கயிறு. அந்தக் கயித்துக்கு ஆளே இல்ல. ஒரு வரிசை அங்க இழுக்குது, இந்தப் பக்கம் கயிறு தனியா, கடலுக்குள்ள நழுவிப் போவுது.

இப்ப அந்த எடத்துல நீங்களோ நானோ இருந்தா ஓடி வந்திருப்போம். அவன் கருக்களாச்சேரி ரத்தம். ஆளில்லாத கயிறு கடலுக்குள்ள போறதைப் பாத்துக்கிட்டு சும்மா நிக்க அந்த உடம்புக்குத் தெரியாது. கடலே வேணாம்னு எத்தன வருஷம் ஒதுங்கியிருந்து என்ன. மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடி கை போயிருச்சு. டார்ச்சைப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் புடிச்சான், குதிகாலை ஊனுனான், இழுத்தான்.

புடிச்ச பொறவுதான் தெரிஞ்சுது, அது நைலான் கயிறு இல்ல. தேங்காநாரு. இந்தக் காலத்துல எவன் தேங்காநாரு கயித்துல வலை போடுறான். உள்ளங்கை தோலு வழண்டு எரியுது, ஆனா கயிறு ஐஸு மாதிரி இருக்கு. விடலாம்னு நெனைக்கிறான், விரல் விரிய மாட்டேங்குது. அந்தப் பக்கம் இழுக்குற அதே நேரத்துக்கு இவனும் இழுக்குறான். சர்ரக்... சர்ரக்...

அப்புறம் அவன் பின்னால, யாரோ கயித்தைப் புடிச்சாங்க.

இழுத்துப் போட்ட கயிறு தளர்ந்து கெடக்காம, பின்னாலேர்ந்து ஒருத்தர் சேந்தி வாங்குற மாதிரி தெரிஞ்சுது. மூச்சு கேட்டுச்சு. அவன் இடுப்பு ஒசரத்துல கேட்டுச்சு.

திரும்பிப் பாக்கல. பாக்க தைரியம் இல்ல. அந்த நேரத்துக்கு டவுன் பள்ளிவாசல்லேர்ந்து சுபுஹு பாங்கு கேட்டுச்சு. அல்லா காப்பாத்துனான்னுதான் நான் சொல்லுவேன், அன்னைக்கு மட்டும். கடல் சத்தம் திரும்ப வந்துச்சு. வடக்கால யாரும் இல்ல. கையில கயிறும் இல்ல. உள்ளங்கை மட்டும் செவந்து கெடந்துச்சு.

வீட்டுக்குப் போறப்ப நல்லா விடிஞ்சிருந்துச்சு. வாசல்லயே மீன் வறுக்கிற வாசனை. வெண்மதி அடுப்படியிலேர்ந்து சொல்றா, "மருதையன் அத்தான் குடுத்து விட்டிருக்காங்க போல. பனையோலையில வெச்சு வாசல்ல இருந்துச்சு. கெழங்கான் மீனுங்க, வறுக்காதது இன்னும் துள்ளுது."

இனியா தட்டை முன்னால வெச்சுக்கிட்டு உக்காந்து சாப்புடுறா. பாதி மீனு முடிஞ்சிருச்சு.

"ரெண்டு குவியலா இருந்துச்சுப்பா. பெரிசு உங்களுக்கு, சின்னது எனக்கு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தாலே தெரியுதே."

அவன் வாசல்லயே நின்னு அண்ணனுக்குப் போன் போட்டான். மருதையன் சொன்னாரு, நான் எங்கடா மீன் குடுத்து விட்டேன், காத்து எச்சரிக்கைன்னு அஞ்சாறு நாளா ஒருத்தரும் கடலுக்கே போவலையே. அதுக்கு அப்புறம் இவன் நடந்ததைச் சொன்னான். கல்லு, கயிறு, எல்லாம். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"மடி கரைக்கு வந்துச்சா தம்பி?"

"வரலண்ணே."

"அப்ப நீ இன்னும் கயித்துலதான் இருக்க."

கருக்களாச்சேரிக்கு நேரா வரச் சொல்லி, அந்தக் கல்லு வந்த கதையச் சொன்னாரு. அது அந்தக் கரையில எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். பெரியவங்க சின்னதுங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

தொரை அந்தக் கல்லை நாட்டுன அன்னைக்கு குப்பத்து ஆளுங்க வலை போட்டிருந்தாங்க. படகு வலையோட கடலுக்குள்ள போயிருச்சு. கரைக் கயித்தைப் புடிச்சிக்கிட்டு ஆளுங்க நிக்கிறாங்க. அந்த நேரம் கல்லு வேற ஒரு தோணியில வந்து எறங்குது. மேட்டுக்கு இழுக்க ஆளு வேணும். மேரியிலேர்ந்து, அதான் அப்ப முனிசிபாலிட்டிக்குப் பேரு, சேவகனுங்க பிரம்போட வந்து கரையில நின்ன அத்தனை ஆளையும் கூப்புடுறாங்க. படகு வெளியில இருக்குன்னு சொன்னா எவன் கேக்குறான். கொடி ஏத்தணும், பேண்டு வாசிக்கணும், நேரமாச்சு. வேற வழி இல்லாம கயித்தை ஒரு முளையில சுத்தி, பக்கத்துல வெளையாடிக்கிட்டிருந்த ஒரு சின்னப் பொண்ணு கையில குடுத்தாங்க. "இதைப் புடிச்சிக்கம்மா, விட்டுறாத, இந்தா வந்துட்டோம்"னு சொல்லிட்டுக் கல்லு இழுக்கப் போனாங்க.

வாடைக் காத்து திரும்புச்சு. படகு சுத்திக்கிட்டுப் போயிருச்சு. முளை புடுங்கிக்கிச்சு. பெரியவங்க ஓடி வந்து பாத்தப்ப படகும் இல்ல, அதுல போன ஆளுங்களும் இல்ல, கயிறும் இல்ல, புள்ளையும் இல்ல. மணல்ல ரெண்டு கோடு மட்டும் தண்ணி வரைக்கும் போயிருந்துச்சாம். குதிகால் ஊனுன கோடு.

அவ விடல. பாத்துக்கங்க. விட்டவங்க பெரியவங்க, அவ விடல. கல்லுல தொரை பேரு இருக்கு. அந்தப் புள்ளை பேரு என்னன்னு கேட்டா கருக்களாச்சேரியில ஒருத்தருக்கும் தெரியாது. இதை நெனைச்சா எனக்கு பயத்தைவிட ஆத்திரம்தான் வருது.

மருதையன் தம்பிகிட்ட சொன்னாரு. "உம்பொண்ணு அரைப் பங்கையும் வாங்கித் தின்னுட்டா. இனி ஓடி ஒளிய முடியாது. போ. போயி மடிய கரையேத்திட்டு வா. நடுவுல மட்டும் விட்டுராத, என்ன நடந்தாலும் விட்டுராத." தானும் வர்றேன்னு சொன்னாரு, இவன் வேணாம்னுட்டான். இன்னொரு குடும்பமும் எதுக்கு மாட்டணும்னு நெனைச்சிருப்பான்.

அன்னைக்கே இனியாவையும் வெண்மதியையும் நெடுங்காட்டுக்கு அனுப்பிட்டான். அங்க வெண்மதியோட அண்ணன் சிவசுப்பிரமணியன் வீடு. சுத்தி வயலு, வாய்க்காத் தண்ணி, களிமண்ணு. கடல் எந்தப் பக்கம்னு கேட்டாகூட அங்க யாருக்கும் சட்டுனு காட்டத் தெரியாது. இனியா பஸ்ஸு ஏறுறப்ப கேட்டுச்சாம், "நீங்க எப்பப்பா வருவீங்க?" விடிஞ்சதும் வந்துடுறேன்னு சொன்னான்.

மறுபடியும் அந்த ரோடு. அந்தக் கம்பம். கல்லுகிட்ட எஞ்சினை அணைச்சான்... கடல் சத்தம் நின்னுச்சு.

வடக்கால வரிசை தயாரா நிக்குது. இவனுக்காகக் காத்துக்கிட்டிருந்த மாதிரி. கயிறு இவன் காலடியிலயே கெடந்துச்சு. துண்டைக் கிழிச்சு உள்ளங்கையில சுத்திக்கிட்டான், புடிச்சான். நான் இழுக்குறேன், எம்பொண்ணை விட்டுருங்கன்னு சொன்னான். யார்கிட்ட சொன்னான்னு அவனுக்கே தெரியாது. சர்ரக்... சர்ரக்... அதான் பதிலு.

எவ்வளவு நேரம் இழுத்தான்னு சொல்லத் தெரியல. துண்டு நைஞ்சு போச்சு. தோலு போச்சு. கயிறு அவன் ரத்தத்துலயே வழுக்குது. ஆனா வலை வருது. கட்டை மிதவை ஒவ்வொண்ணா கரையேறுது. பின்னால அந்த மூச்சும் இருக்கு, இவனுக்குச் சமமா இழுக்குது. திரும்பக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு முன்னாலயே பாத்தான். அலைக்கு நடுவுல கருப்பா, பெருசா, மடி தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம்தான். இன்னும் நாலஞ்சு இழுப்பு. முடிஞ்சிருச்சுன்னு நெனைச்சு அழுதே இருக்கான்.

அப்ப பின்னாலேர்ந்து...

"அப்பா. கை வலிக்குதுப்பா."

இனியா கொரலு.

நீங்களே சொல்லுங்க. எந்தத் தகப்பன் திரும்பாம இருப்பான். திரும்பி, ரெண்டு கையையும் நீட்டி, அவளைத் தூக்கப் போனான்.

ரெண்டு கையையும்.

கயிறு ஓடுச்சு. சர்ருன்னு, ஒரே ஓட்டம், கடலைப் பாத்து. பின்னால யாரும் இல்ல. மணல்ல ரெண்டு சின்னக் குதிகால் குழி, அதுல அப்பத்தான் தண்ணி ஊறுது. வடக்கால இழுக்குற சத்தம் நின்னுருச்சு. அவ்வளவு நேரமா முதுகு காட்டி நின்ன வரிசை மொத்தமா இவனைத் திரும்பிப் பாத்துச்சு. மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு வெண்மதி எவ்வளவோ கேட்டுப் பாத்தா. அதை மட்டும் அவன் இன்னும் சொல்லல.

பைக்கு ஹேண்டிலைப் புடிக்க முடியாத கையோட நெடுங்காட்டுக்கு ஓட்டுனான். விடியப் போவுது. வயல்ல தவளை கத்துது. கதவைத் தட்டுனதும் சிவசுப்பிரமணியன் தொறந்தாரு, என்ன மாப்ள இந்த நேரத்துலன்னாரு. இவன் உள்ள ஓடுனான். வெண்மதி பக்கத்துல இனியா தூங்கிக்கிட்டிருக்கா. அப்படியே, படுத்த எடத்துல. உக்காந்து மூச்சு விட்டான்.

அப்பத்தான் வாடை வந்துச்சு. ஊறுன தேங்காநாரு வாடை.

பாய் நனைஞ்சிருந்துச்சு. போர்வையை எடுத்தான். புள்ளை குதிகால்ல மணலு. கடல் மணலு, வெள்ளையா, ஈரமா. நெடுங்காட்டுல எங்க வந்துச்சு மணலு. கை ரெண்டும் இறுக்கி மூடியிருந்துச்சு. வெண்மதியும் எந்திரிச்சு, ஒவ்வொரு விரலாப் பிரிச்சாங்க. உள்ளங்கையில தோலே இல்ல. சதையில நாரு ஒட்டியிருந்துச்சு.

இனியா கண்ணைத் தொறந்து அப்பாவைப் பாத்தா. அழல.

"நான் விடலப்பா"ன்னா.

கையைப் பாக்காதீங்கடி, எல்லாரும் ஒரே நேரத்துல ஏன் கையைப் பாக்குறீங்க. அது மருதாணி, ஒண்ணும் ஆவாது. இன்னும் கொஞ்சம்தான்.

அவங்க இப்ப இங்க இல்ல. வேலையை விட்டாச்சு. தருமபுரி பக்கம், மலையடிவாரத்துல ஒரு ஊரு. கடல் அங்கேர்ந்து எவ்வளவோ தூரம், மீனே ஐஸ்பெட்டியிலதான் வரும். மர்யம், போன வாரம் உன் கல்யாணத்துக்கு அழைக்க வெண்மதிக்குப் போன் பண்ணேன். இனியா எப்படிடி இருக்கான்னு கேட்டேன்.

"தெனம் விடியக்காலம் எந்திரிச்சு நிக்கிறாடி. கண்ணு மூடியிருக்கும். குதிகாலைத் தரையில ஊனிக்கிட்டு, பின்னால சாஞ்சு. நாங்க ரெண்டு பேரு சேர்ந்து புடிச்சாலும் நகத்த முடியல. வெளிச்சம் வந்ததும் தானாப் போயிப் படுத்துக்கிறா." அப்புறம் சொன்னா. "ஓலை இங்கயும் வருதுடி நபீசா. மீனு துள்ளிக்கிட்டு இருக்கு."

ரெண்டு குவியலான்னு கேட்டேன்.

"ஒண்ணுதான். அவருக்கு இனிமே பங்கு கெடையாது. விட்டுட்டாருல்ல."

அப்ப அந்த அரைப் பங்கு மட்டுமான்னேன்.

"இல்லடி"ன்னா. "முழுப் பங்கு."